கஷாயம் செத்த அத்தியாயம்

மார்ச் 3, செவ்வாய்

சாப்பாட்டு மேஜை பறிபோயிற்று. மகள் பல்கலைக்கழக விடுதியிலிருந்து வந்து இறங்கியபோது துணிக்கு ஒரு பை, புத்தகத்துக்கு மூன்று பெட்டி. மூன்றையும் மாடிக்குச் சுமந்தது நான். ஊரில் உள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடி. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. நானே சிரித்துப் பழகிவிட்டேன்.

மேஜை முழுக்க ஒரே கதை. சீனாக்காரர் யாரோ எப்போதோ எழுதிய நாவல். ஒரு பெரிய வீடு, அதற்குள் ஒரு ஊர் ஜனம். அதை மூன்று பேர் மூன்று காலத்தில் இங்கிலீஷில் மொழிபெயர்த்திருக்கிறார்கள். ஒருத்தர் ஐந்து பாகம், ஒவ்வொன்றும் செங்கல் கனம். இன்னொருத்தர் இரண்டு பாகம். மூன்றாமவர் புத்திசாலி, ஒரே புத்தகமாகச் சுருக்கிவிட்டார். மூன்றையும் சீன மூலத்தோடு ஒப்பிட்டு என் மகள் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள்.

"சீனாக்காரன் எழுதிட்டான், இங்கிலீஷ்காரன் மாத்திட்டான். நடுவுல உனக்கு என்னம்மா வேலை?"

"சரியா மாத்தியிருக்காங்களான்னு பாக்கறேன்பா."

"தப்பா மாத்தியிருந்தா?"

"தப்புன்னு எழுதுவேன்."

"உடனே திருத்திடுவாங்களா?"

"அவங்கல்லாம் செத்துப் போயிட்டாங்கப்பா."

செத்தவர்கள் வேலையில் குற்றம் கண்டுபிடிக்க நாலு வருஷம், அதற்கு உதவித்தொகை வேறு. அந்தக் காலத்தில் எனக்குத் தெரியாமல் போயிற்று. குற்றம் கண்டுபிடிப்பதில் நான் சம்பளமே இல்லாமல் உழைத்தவன்.

நாங்கள் மடியில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம்.

மார்ச் 5, வியாழன்

துணிக்கடை லிஃப்டுக்குப் புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வந்தது. கூடவே கையேடு, சீனத்திலிருந்து இங்கிலீஷில். 'கதவு மனம் மாறுமானால் அன்போடு அழுத்தத்தைத் தொடர்க' என்கிற தினுசில் ஒரு வரி. இதை நம்பித்தான் மனுஷர்களை ஏற்றி இறக்குகிறேன். "சீன மொழிபெயர்ப்புல எனக்கும் அனுபவம் உண்டு" என்று மகளிடம் நீட்டினேன். பக்கத்திலிருந்த சீன எழுத்தைப் படித்துவிட்டு, "கதவு பாதியில திறந்துக்கிட்டா, மூடற வரைக்கும் பட்டனை விடாதீங்க. அவ்வளவுதான்பா" என்றாள்.

அது சரியாகத்தான் இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. கார் விற்கிற இடத்தில் மேலாளர். எதைப் பார்த்தாலும் விலை போட்டுவிட்டுத்தான் உட்காருவான். மேஜையைப் பார்த்தான்.

"இதப் படிச்சா என்ன மாமா கிடைக்கும்?"

இதே கேள்வியை நான் நாலு வருஷமாகக் கேட்கிறேன். ஆனால் அவன் வாயிலிருந்து வந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. என் மகளை மட்டம் தட்ட இந்த வீட்டில் ஒரு ஆள் போதும், அந்த வேலைக்கு நான் இருக்கிறேன்.

"படிச்சாத்தானே தெரியும்" என்றேன்.

"நீங்க படிச்சிருக்கீங்களா?"

"பின்ன?"

"என்ன கதை?"

"சொன்னா உனக்கு விளங்காது."

மகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது தெரிந்தது.

அவன் போன பிறகு மனைவி சொன்னாள்: ஜூனுக்குள் ஆராய்ச்சியை எழுதிக் கொடுத்தாக வேண்டுமாம். உதவித்தொகை அத்தோடு நிற்கிறது. கைடு, அதாவது அவளை மேய்க்கிற பேராசிரியர், கையெழுத்துப் போட மறுத்தால் நாலு வருஷமும் போச்சு. மகள் இதையெல்லாம் அம்மாவிடம்தான் சொல்வாள். எனக்குச் சொன்னால் நான் ஏதாவது செய்துவிடுவேனாம். நானா? நான் என்ன செய்யக்கூடியவன்?

மார்ச் 10, செவ்வாய்

வாய்க்கொழுப்புக்குத் தண்டனை, படிக்க வேண்டியதாயிற்று. இருப்பதில் ஒல்லியான சிவப்பு அட்டைப் புத்தகத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வேலை பார்க்கிற கட்டடத்து மொட்டை மாடி மோட்டார் அறையில், லிஃப்ட் பெல்ட் ஓடுகிற சத்தத்தில், மதியம் படிக்கிறேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "என்ன சார், பரீட்சையா?" என்றான். "ஆமா, பாஸ் பண்ணா மாப்பிள்ளை ஆக்கிடுவாங்க" என்றேன்.

மொழிபெயர்த்தவர் முன்னுரையிலேயே எனக்குப் பிடித்துப்போனார். வேலைக்காரர் சண்டை, மருந்து அரைப்பது, யார் யாருக்கு என்ன துணி கொடுத்தார்கள் என்பதெல்லாம் வாசகரைச் சலிக்க வைக்குமாம். ஆகவே அவற்றை நீக்கி நம்மைக் காப்பாற்றியிருக்கிறாராம். நல்ல மனுஷன். இவரைப் போல ஒருத்தர் என் கல்யாண ஆல்பத்துக்குக் கிடைத்திருக்கலாம்.

பெயர்கள்தான் கண்டம். இங்கிலீஷ் எழுத்தில் எல்லாம் ஒன்று போலத் தெரிகின்றன. வேறு வழியில்லாமல் நானே பெயர் வைத்துவிட்டேன். வீட்டுக் கிழவர் பெரிய தலை. அவர் தம்பி பிசினாறி. வேலை வெட்டி இல்லாமல் கவிதை எழுதுகிற பேரன் உதவாக்கரை. வீட்டை ஆளுகிற மூத்த மருமகள் சாவிக்கொத்து. கிழவருக்கு வேளாவேளைக்கு மருந்து காய்ச்சிக் கொடுக்கிற வேலைக்காரப் பெண் கஷாயம். இந்தக் கஷாயம் ஒருத்திதான் அந்த வீட்டில் ஏதாவது வேலை செய்கிறாள். மற்றவை நிலா பார்க்கும், அழும், சாப்பிடும்.

மார்ச் 14, சனி

கஷாயம் செத்துவிட்டாள். எப்படி? யாருக்குத் தெரியும். ஒரு அத்தியாயத்தில் கிழவருக்குப் போர்வை போர்த்துகிறாள், அடுத்ததில் உதவாக்கரை அவளை நினைத்துக் கவிதை எழுதுகிறான். நடுவில் ஒன்றுமில்லை. மூன்றாம் மாடியில் ஏறினவனை ஏழாம் மாடியில் இறக்கிவிட்டு, நடுவில் மாடியே கிடையாது என்று சொல்கிற லிஃப்ட் இது.

ராத்திரிச் சாப்பாட்டில் கிழித்தேன். "இந்த ஆளுக்கு எழுதவே தெரியல. ஒருத்தி எப்படிச் செத்தான்னு சொல்லத் துப்பில்லாதவனுக்கு எதுக்கு மூணு மொழிபெயர்ப்பு? இவனைப் படிக்க என் பொண்ணு சீனம் வேற கத்துக்கிட்டிருக்கா."

மகள் கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், கை கழுவிவிட்டு வந்து ஐந்து பாகத்தில் மூன்றாவதை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு பக்கத்தைத் திறந்தும் வைத்தாள்.

"எழுதினவர் சொல்லியிருக்காருப்பா. நீங்க படிச்சதுல வெட்டிட்டாங்க."

"எழுத்து பொடிசா இருக்கு" என்றேன். கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

படித்தேன். ஒரு வரியை நாலு தடவை படித்தேன், அவ்வளவுதான் நம் இங்கிலீஷ்.

சாவிக்கொத்தின் சீப்பு ஒன்று காணாமல் போகிறது. மருந்து கொடுக்க உள்ளே போய் வருகிறவள் கஷாயம், ஆகவே கஷாயம்தான் எடுத்தாள். இல்லை என்கிறாள். யாரும் கேட்கவில்லை. அவளுடைய அப்பனைக் கூப்பிட்டனுப்புகிறார்கள். படகு தள்ளுகிறவன். பின்வாசலில் வந்து நிற்கிறான், உள்ளே விடவில்லை. சாவிக்கொத்து இன்னும் வாயே திறக்கவில்லை, இவன் தரையில் நெற்றி வைத்துவிட்டான். 'சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள், மன்னிக்க வேண்டும், இனிமேல் நடக்காது.' மகள் பக்கத்தில்தான் நிற்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனுக்கு அவள் வேலை நிலைத்தால் போதும். வேலையும் நிலைக்கிறது. அதன் பிறகு கஷாயம் அவனோடு பேசவேயில்லை. மருந்து காய்ச்சுகிறாள், ஊற்றுகிறாள், குளிர்காலத்தில் இருமிச் சாகிறாள்.

இப்படியும் ஒரு ஜன்மம். அவனுக்குக் கும்பிடு என்று பெயர் வைத்தேன். பெரிய தலை, பிசினாறி, உதவாக்கரை எல்லாரையும் ஒரு தட்டில் வைத்தாலும் இவன் அளவுக்கு எரிச்சல் மூட்டவில்லை. பெல்ட் நின்றது கூடத் தெரியவில்லை. நாலாம் மாடிக்காரர் மாட்டிக்கொண்டு கத்திய பிறகுதான் எழுந்தேன்.

மார்ச் 19, வியாழன்

சாப்பிடும்போது கும்பிடுவைத் தோலுரித்தேன். மகள் முழங்கையை ஊன்றிக் கேட்டாள். இவ்வளவு கவனமாக நான் பேசுவதை அவள் கேட்டு எத்தனை காலமாயிற்று.

"அவன் ஏன்பா அப்படிச் செஞ்சான்?"

"முதுகெலும்பு இல்ல. பெத்த பொண்ணுகிட்ட 'நீ எடுத்தியா'ன்னு ஒரு வார்த்தை கேக்க வேணாமா? இவனெல்லாம் அப்பனா?"

"என் நாலாவது அத்தியாயமே அவன்தான்பா. மூணு பேர்ல ரெண்டு பேர் அவனைத் தூக்கிட்டாங்க. அவன் இல்லாம அந்தப் பொண்ணு சும்மா இருமிச் செத்த மாதிரி ஆயிடுது."

"எழுது. நல்லா எழுது."

"கைடுக்குப் பிடிக்கல."

சிவப்பு அட்டைக்காரரின் சுருக்கம் புதிதாக அச்சாகியிருக்கிறதாம். அதற்கு முன்னுரை எழுதி ஆகா ஓகோ என்று புகழ்ந்திருப்பது இந்தக் கைடு. அவருடைய மாணவியே அதைக் குறை சொல்லலாமா? நாலாவது அத்தியாயத்தை எடு என்கிறார்.

"பெரிய மேதைதான்" என்றேன். அன்றிலிருந்து, அதாவது இன்றிலிருந்து, அவர் பெயர் மேதை.

மார்ச் 22, ஞாயிறு

இன்று ஒரு நல்ல காரியம் செய்தேன்.

மகள் குளிக்கப் போயிருந்தாள். மேஜைமேல் அவள் போன் அடித்தது. மேதை. எடுத்தேன். குரலிலேயே சால்வை போர்த்தியிருந்தார்.

"நீங்க அவ ஃபாதரா? கொஞ்சம் புத்தி சொல்லுங்க. நல்ல பொண்ணு, பிடிவாதம் ஜாஸ்தி. ஒரு அத்தியாயம். அதை எடுத்துட்டா ஜூன்ல நான் கையெழுத்துப் போட்டுடுவேன். இல்லன்னா எனக்கும் சங்கடம், அவளுக்கும் சங்கடம்."

ஒரு அத்தியாயம்தானே. இருக்கிறதே ஆறு. பேசி முடித்துவிட்டேன். எடுத்துடுவா சார், நான் சொல்லிடறேன் சார், சின்னப் பொண்ணு சார், நீங்க பெரிய மனசு பண்ணுங்க சார். வைத்த பிறகுதான் கவனித்தேன், எழுந்து நின்றிருக்கிறேன். போனுக்கு எதற்கு நிற்க வேண்டும்? என் பிழைப்பே நின்று பேசுகிற பிழைப்பு, பழக்க தோஷம்.

அவள் தலை துவட்டிக்கொண்டு வந்தாள். சொன்னேன்.

"என்ன சொன்னீங்க?"

"மன்னிப்புக் கேட்டேன், சமாதானமாயிட்டாரு."

"எதுக்கு மன்னிப்பு?"

"எதுக்குன்னா... பொதுவா."

பிறகு போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நாலு வருஷத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவனுக்கு ஒரு டீ கூட இல்லை.

மார்ச் 23, திங்கள்

மேதை மின்னஞ்சல் போட்டிருக்கிறார்: 'உன் தந்தை உன் சார்பில் ஒப்புக்கொண்டபடி, நாலாவது அத்தியாயம் நீக்கப்படுகிறது.' எவ்வளவு சுறுசுறுப்பு. என் மகள் அனுப்பிய அத்தியாயத்தைப் படிக்க இந்த ஆளுக்கு மூன்று மாதம் பிடித்தது.

மகள் என்னோடு பேசுவதில்லை. "அம்மா, அவருக்குச் சாப்பாடு வேணுமான்னு கேளு." நான் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அவராம். நான் என்ன கரண்ட் பில் கணக்கெடுக்க வந்தவனா?

மார்ச் 25, புதன்

மனைவியிடம் புலம்பினேன். பிள்ளைக்கு நன்றி இல்லை, படிப்பு ஏற ஏறத் திமிரும் ஏறுகிறது, நான் எதற்காகப் பேசினேன், எனக்கா பட்டம் தரப்போகிறார்கள்? துணி பிழிந்துகொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்த பிறகு,

"ஏங்க, அந்தப் படகுக்காரன். அவனுக்கு என்ன பேர் வச்சீங்க?"

"கும்பிடு."

"ம்" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இவள் அந்தப் புத்தகத்தில் ஒரு வரி படித்ததில்லை.

மார்ச் 26, வியாழன்

மகள் விடுதிக்குத் திரும்பிவிட்டாள். பெட்டிகளை நான் தூக்க வந்தபோது, "அம்மா, கீழ ஆட்டோக்காரர் தூக்கிப்பாரு" என்றாள். ஆட்டோக்காரர் தூக்கினார். படியில் இரண்டு இடத்தில் இடித்தார். தொழில் தெரியாத ஆள்.

என் நாற்காலியில் மூன்றாம் பாகம் மட்டும் கிடந்தது.

"மறந்துட்டா" என்றேன்.

"மறப்பாளா? நாலாவது அத்தியாயத்தைத்தான் எடுத்தாச்சே. இனி அது எதுக்கு அவளுக்கு?" என்றாள் மனைவி.

மார்ச் 31, செவ்வாய்

மேதையைக் கூப்பிட்டேன். உட்கார்ந்தே பேசுவது என்று மோட்டார் அறையில் ஸ்டூலைப் போட்டு அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். வசனம் மனப்பாடம்: 'சார், அன்னிக்கு நான் சொன்னது என் பொண்ணு வார்த்தை இல்ல. அவகிட்ட கேக்காம சொன்னேன். அவ தப்பு எதுவும் பண்ணல. அத்தியாயம் அவளோடது.' பாதியில் பார்த்தால் நின்றுகொண்டிருக்கிறேன். இந்தக் கால் யாருடையது என்றே தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்து மீதியைச் சொன்னேன்.

மறுமுனையில் டீ உறிஞ்சுகிற சத்தம்.

"நீங்க யாரு?"

மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"ஓ, அந்தப் பொண்ணா? அவதான் அன்னிக்கே எழுதிட்டாளே. அப்பா பேசினது என் வார்த்தை இல்ல, அத்தியாயத்தை எடுக்க மாட்டேன்னு. நீங்க இப்ப எதுக்குக் கூப்பிடறீங்க?"

எதுக்குன்னா... பொதுவா.

அதாவது, நான் முதுகெலும்பை ஒருவழியாகத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போனபோது, கூட்டம் முடிந்து நாற்காலியை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் கோழைத்தனத்தை மட்டும் மின்னஞ்சலில் எழுதி வைத்தவருக்கு, என் வீரத்தைக் காது கொடுத்துக் கேட்கக்கூட நேரமில்லை. சீ.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

அத்தியாயத்தை அவள் எடுக்கவே இல்லை. அப்படியானால் மூன்றாம் பாகத்தை எதற்காக விட்டுப் போனாள்?

ஏப்ரல் 19, ஞாயிறு

மூன்றாம் பாகத்தை முதலிலிருந்து படிக்கிறேன். சிவப்பு அட்டைக்காரர் இதில் விட்டுவைத்தது என்ன என்று பார்த்தால், நிலா. நிலா வருகிற இடத்தையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறார். விறகு, துணி துவைப்பது, வேலைக்காரிகள் ஒருத்திக்கொருத்தி பேன் பார்த்துக்கொண்டே எஜமானியைக் கிழிப்பது, எல்லாம் போச்சு. அவர் வீட்டில் யார் துவைத்தார்களோ. முன்னுரையைப் படித்துவிட்டு இந்த ஆளை நல்ல மனுஷன் என்று டயரியில் எழுதிவைத்தேனே, அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். வெட்டுகிற வேலையெல்லாம் போதும்.

மே 10, ஞாயிறு

மனைவி வழியாகச் செய்தி. மேதை மகளைக் கைகழுவிவிட்டார். வேறு கைடு கிடைத்திருக்கிறார், ஒரு அம்மா. 'நாலாவது அத்தியாயம்தான் இருப்பதிலேயே உருப்படி, ஆனால் மற்றதையெல்லாம் திரும்ப எழுது' என்றாராம். இன்னும் ஒரு வருஷம். உதவித்தொகை கிடையாது. விடுதி அறையும் ஜூலையோடு சரி. மகள் டியூஷன் எடுக்கிறாள்.

மச்சானுக்கு விஷயம் தெரிந்து கூப்பிட்டான். "அஞ்சு வருஷமா மாமா? அதுக்குள்ள ஒரு வீடே கட்டிடலாமே." கட்டேன்டா. நீ கட்டின வீட்டில் கதவு தப்பான பக்கம் திறக்கிறதை ஊரே பார்த்தது.

ஜூன் 14, ஞாயிறு

மகள் போன் செய்தாள், அம்மாவுக்கு. நான் பக்கத்திலேயே செய்தித்தாளைத் திருப்பிக்கொண்டிருந்தேன். தலைகீழாகப் பிடித்திருந்ததை மனைவி சரிசெய்து கையில் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

வந்துவிட்டாள். துணிக்கு ஒரு பை, புத்தகத்துக்கு மூன்று பெட்டி, டியூஷன் பிள்ளைகளின் பரீட்சைத் தாள் ஒரு கட்டு. நான் படியில் நின்றிருந்தேன். தூக்கவா என்று கேட்கவில்லை, ஒதுங்கவும் இல்லை. பெரிய பெட்டியை என் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு அவள் பையோடு மேலே போனாள். மூச்சு வாங்கியது. வயதாகிறது. ஒரு இடத்திலும் இடிக்கவில்லை.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

சாப்பாட்டு மேஜை மறுபடியும் போயிற்று.

காலையில் டீயோடு போய் நின்றேன். என் நாற்காலிக்கு நேராக நாலாம் பாகம் கிடந்தது. அவள் எழுதிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"மூணாவது முடிச்சாச்சா?"

என்னிடம்தான் கேட்கிறாள் என்று புரிய நேரம் பிடித்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

"முடிச்சாச்சு. ரெண்டு தடவை."

"கும்பிடு திரும்ப வருவான். அஞ்சாவதுல."

நான் வைத்த பெயரை அவள் வாயால் சொன்னாள்.

"வந்து?"

"அதே பின்வாசல். கிழவனாயிட்டான். என் பொண்ணு எடுக்கலன்னு சொல்லிட்டுப் போக வந்திருக்கான்."

"இப்ப எதுக்கு வந்தான், மடையன். கேக்க யாரு இருக்கா?"

"சாவிக்கொத்து இருக்காளே."

"கதவைத் திறந்தாளா?"

பேனாவை மூடி வைத்தாள்.

"நீங்களே படிச்சுக்குங்கப்பா."

நாலாம் பாகத்தை எடுத்துக்கொண்டேன். அஞ்சாவதைப் புரட்டிப் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன், ஒவ்வொரு மாடியாகத்தான் போவேன்.

மத்தியானம் மச்சான் வருகிறானாம். மேஜையைக் காலி பண்ணச் சொல்லட்டுமா என்று மனைவி கேட்டாள். வேண்டாம் என்றேன். அவனும் மடியில் தட்டு வைத்துச் சாப்பிடட்டும்.